காது வடிந்தால் காலம் தாழ்த்தாதீர்!



ஓதவும் படிக்கவும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோர், அவர்களுடைய அறிவைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் நம்மிடம் கேட்பதுண்டு. அவர்களுடைய காதைப் பற்றிக் கேட்பவர் அரிது. கற்பிக்கும் நாமும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேளாமல் இருந்ததால் நேர்ந்த என் தவறு ஒன்றைச் சொல்லி இம்மாதக் கட்டுரையைத் தொடங்குகிறேன். தவறு என்னுடையது என்பதால் அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் அதனால் ஒரு வீட்டுப் பிள்ளையாவது காப்பாற்றப்படுமானால், அந்தத் தயக்கத்திற்கு மதிப்பில்லை.

எங்கள் மதரஸாவில் அஸருக்குப் பின் ஓதவரும் பிள்ளைகளில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அமைதியானவன். ஆனால் ஓதுவதில் பிழைகள் மிகுதி. ஸீன் என்று சொல்லிக்கொடுத்தால் ஷீன் என்பான். ஸாதும் ஸீனும் அவன் நாவில் ஒன்றாகவே இருந்தன. மூன்று முறை திருத்தியும் நான்காம் முறை அதே பிழையைச் செய்வான். அவனுக்கு அக்கறை போதாது என்றே எண்ணினேன். ஒருநாள் பக்கத்துப் பிள்ளைகள், "ஹஜ்ரத்! இவன் காது நாறுகிறது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு முறையிட்டனர். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனை முன்வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசி வரிசையில் உட்காரச் செய்தேன். காது கேளாத பிள்ளையை, என் குரல் இன்னும் குறைவாகக் கேட்கும் இடத்திற்கு என் கையாலேயே அனுப்பிவைத்தேன்.

சில மாதங்கள் சென்றன. ஒரு மாலை அவன் தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது காதை மூடும்படி அணிந்து வந்தான். "தொப்பியை நேராகப் போடு" என்றேன். அவன் அசையவில்லை. நானே எழுந்து சென்று சரிசெய்யத் தொட்டபோது அலறி அழுதுவிட்டான். தொப்பியை எடுத்துப் பார்த்தேன். காதின் பின்புறம் எலுமிச்சம்பழ அளவில் சிவந்த வீக்கம். காது மடல் முன்பக்கமாகவும் கீழாகவும் தள்ளப்பட்டு, மற்றக் காதைப்போல் அல்லாமல் விரிந்து நின்றது.

மஃரிபுக்குப் பின் அவனுடைய தாயாரும் நன்னிமாவும் வந்தனர். "ஹஜ்ரத்! பிள்ளைக்குப் பொன்னுக்குவீங்கி வந்திருக்கிறது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டிருக்கிறோம். நீங்களும் ஓதி ஊதிவிடுங்கள்" என்றார் நன்னிமா. நானும் ஓதி ஊதினேன். தண்ணீரும் ஓதிக் கொடுத்தேன். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லத் தவறினேன்.

மறுநாள் விடியற்காலையில் சிறுவன் தலைவலி தாளாமல் துடித்து, இருமுறை வாந்தி எடுத்து, கண்களைத் திறக்க விரும்பாமல் சுருண்டு கிடந்தான். தந்தையார் வளைகுடா நாட்டில் இருந்ததால் ஜமாஅத்தார் வண்டி பிடித்து, மாவட்டத் தலைநகர மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உடன் நானும் சென்றேன். அங்கிருந்த காது மூக்குத் தொண்டை மருத்துவர் பிள்ளையைப் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை நாளாகக் காது வடிகிறது?" என்பதே. "இரண்டு வருடமாக வடிகிறது, டாக்டர். வரும், நின்றுவிடும். அது ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட்டோம்" என்றார் தாயார். அந்த மறுமொழியைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். இரண்டு வருடமாக அவ்வீட்டார் அனைவருக்கும் தெரியும். மதரஸாவில் எனக்கும் தெரியும். அது ஒரு நோய் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது. காதின் பின்புற எலும்பைச் சீழ் அரித்து, மூளையைத் தாங்கும் மெல்லிய எலும்புத் தகடு வரை சென்றிருந்ததாகவும், இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றும் மருத்துவர் கூறினார். அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை பிழைத்தான். ஆனால் அந்தக் காதில் கேட்கும் திறன் பெரிதும் குறைந்துவிட்டது.

செவியின் அமைப்பு

அந்த மருத்துவர் பொறுமையோடு எனக்கு விளக்கியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

செவிக்கு மூன்று பகுதிகள் உண்டு. செவிப்பறை என்னும் மெல்லிய திரைக்கு வெளியே இருப்பது வெளிச்செவி. திரைக்கு உட்புறம் காற்று நிறைந்த சிற்றறையாக இருப்பது நடுச்செவி. அதற்கும் அப்பால் கேட்கும் நரம்பும் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் அடங்கியது உட்செவி. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஊஸ்டேக்கியன் குழல் என்னும் சிறு வழி செல்கிறது. பெரியவர்களுக்கு இது நீண்டு சரிவாக அமைந்திருக்கும். குழந்தைகளுக்கோ குறுகியதாகவும் ஏறக்குறைய மட்டமாகவும் இருக்கும். ஆகவேதான் சளி பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து கிருமிகள் எளிதில் காதுக்குச் சென்றுவிடுகின்றன. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகியவை இவ்வாறு நடுச்செவியில் சீழ் பிடிக்கச் செய்யும் முக்கியமான பாக்டீரியாக்கள்.

காதின் பின்னால் விரல் வைத்துப் பார்த்தால் மேடான எலும்பு ஒன்று தட்டுப்படும். அதற்கு மாஸ்டாய்டு என்று பெயர். வெளியே கெட்டியாகத் தோன்றினாலும் அதன் உட்புறம் தேன்கூட்டைப் போலச் சிறு சிறு காற்றறைகளால் ஆனது. அந்த அறைகளுக்கும் நடுச்செவிக்கும் வாசல் உண்டு. நடுச்செவியில் தேங்கிய சீழ் அவ்வாசல் வழியே சென்று அறைகளின் சுவர்களை அரிக்கத் தொடங்கும்போது, காதின் பின்புறம் வீங்கிச் சிவக்கிறது. மடல் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. நான் கண்ட வீக்கம் இதுவே.

பொன்னுக்குவீங்கிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பொன்னுக்குவீங்கியில் வீக்கம் காதின் முன்னும் கீழும், தாடை ஓரமாகத் தோன்றும். அது வைரஸால் வருவது. காதிலிருந்து சீழ் வராது. மாஸ்டாய்டு நோயிலோ வீக்கம் காதுக்கு நேர் பின்னால் எலும்பின் மீது தோன்றும். தொட்டால் கடுமையாக வலிக்கும். காதுவலியோ காது வடிதலோ பெரும்பாலும் அதற்கு முன்னரே இருந்திருக்கும்.

சீழ் செல்லும் வழிகள்

நடுச்செவியின் கூரை மிக மெல்லிய எலும்புத் தகடு. அதன் மேல் மூளை அமர்ந்துள்ளது. பின்புறத்தில் மூளையிலிருந்து இரத்தத்தைக் கொண்டு வரும் பெருஞ்சிரை செல்கிறது. முகத்தை அசைக்கும் நரம்பு நடுச்செவியின் ஊடாகவே செல்கிறது. இத்தகைய இடத்தில் சீழ் தேங்கினால் அது எத்திசையில் சென்றாலும் தீங்கே விளையும்.

மேல்நோக்கிச் சென்றால் மூளையுறையில் அழற்சி ஏற்படலாம், அல்லது மூளைக்குள்ளேயே சீழ்க்கட்டி உருவாகலாம். பின்நோக்கிச் சென்றால் பெருஞ்சிரையில் இரத்தம் உறைந்து, குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் ஏறி இறங்கும். நரம்பைத் தாக்கினால் முகம் ஒரு பக்கமாகக் கோணும். உட்செவிக்குள் புகுந்தால் தலைசுற்றலும் நிலையான செவிட்டுத்தன்மையும் வரலாம். எலும்பின் உள்நுனிக்குச் சென்றால் காது வடிதலுடன் கண்ணின் பின்புற வலியும், பொருள்கள் இரண்டாகத் தெரிதலும் சேர்ந்து தோன்றும். இந்த மூன்றும் ஒருங்கே வருவதை 1904இல் இத்தாலிய மருத்துவர் கிராடெனிகோ எடுத்துக்காட்டியதால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

இவை அரிதாக நேர்பவை என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். காதுவலி வராத குழந்தை அநேகமாக இல்லை. பெரும்பாலான காதுவலிகள் சில நாட்களில் குணமாகிவிடுகின்றன. எனவே, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுத உடனேயே பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அரிதானது என்பதற்கு வராதது என்று பொருளன்று. அது எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பதை நாம் முன்கூட்டி அறிய முடியாது. மேலும், நீண்ட நாள் காது வடிதல் நம் நாட்டில் அரிதான ஒன்றன்று. உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, மக்களில் 4 விழுக்காட்டுக்கு மேல் இந்நோய் காணப்படும் நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது.

காது வடிதலிலும் இருவகை உண்டு. செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்து, சளி பிடிக்கும்போதெல்லாம் வழவழப்பாக வடிவது ஒருவகை. குறைவாக வடிந்தாலும் துர்நாற்றம் வீசுவது மற்றொரு வகை. இரண்டாவதில் தோல் போன்ற வளர்ச்சி ஒன்று நடுச்செவிக்குள் புகுந்து எலும்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. அபாயம் மிகுந்தது இதுவே. இதற்கு அறுவைச் சிகிச்சையே தீர்வு. என்னிடம் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முறையிட்டது ஓர் எச்சரிக்கை மணியாகும். நான் அதை முறையீடாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

அரசனும் மருத்துவர் மகனும்

செல்வமும் செல்வாக்கும் இந்நோயின் முன் செல்லாக்காசாகிவிட்டதை வரலாற்றில் காண்கிறோம். ஃபிரான்சு நாட்டின் மன்னன் இரண்டாம் ஃபிரான்சிஸ் 1559இல் தன் பதினைந்தாம் வயதில் அரியணை ஏறினான். மறுவருடம் டிசம்பர் 5ஆம் நாள், பதினேழு வயது நிறையும் முன்னரே, காதில் தொடங்கிய நோய் முற்றி மாண்டான். அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர்களுள் ஒருவரான அம்புருவாஸ் பாரே அரண்மனை மருத்துவராக இருந்தும் பயனில்லை.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றபோது படித்த ஆஸ்கார் வைல்டின் இறுதியும் இத்தகையதே. அவருடைய தந்தையார் சர் வில்லியம் வைல்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரில் புகழ்பெற்ற காது மருத்துவர். காது நோய்கள் பற்றி 1853இல் நூல் எழுதியவர். காதின் பின்புறம் கீறிச் சீழை வெளியேற்றும் முறை அவர் பெயராலேயே வழங்கிற்று. அத்தகையவரின் மகன் 1900ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில் இறந்தபோது, நெடுநாள் காது நோயிலிருந்து மூளையுறைக்குப் பரவிய அழற்சி என்றே மருத்துவர்கள் குறித்தனர்.

1873இல் ஜெர்மானிய மருத்துவர் ஷ்வார்ட்ஸ, மாஸ்டாய்டு எலும்பைத் திறந்து சீழை அகற்றும் அறுவைச் சிகிச்சையை முறைப்படுத்தி வெளியிட்டார். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின் 1940களில் மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னரே இந்நோயின் கொடுமை பெரிதும் அடங்கியது. அந்த மன்னனுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கிறது. கிடைத்தும் கொண்டு செல்லாதிருப்பது யார் குற்றம்?

காது மட்டுமா?

தலையிலும் கழுத்திலும் பாக்டீரியா தொற்று ஏற்படும் வேறு இடங்களும் உண்டு. அவற்றிலும் அரிதாக இவ்வாறான விபரீதங்கள் நேர்கின்றன.

மூக்கின் இருபக்கமும் உள்ள சைனஸ் அறைகளுக்கும் கண்குழிக்கும் இடையே உள்ள எலும்பு காகிதம் போல் மெல்லியது. சளி முற்றிய குழந்தைக்குக் காய்ச்சலுடன் ஒரு கண்ணின் இமை வீங்கிச் சிவந்தால் அதைக் கண்கட்டி என்று எண்ணிப் பற்றுப் போடலாகாது. கண் முன்னுக்குத் தள்ளி நின்றாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தாமதம் பார்வையையே பறிக்கக்கூடும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பன்னிரண்டு வயதையொட்டியவர்களுக்கு, நெற்றி சைனஸில் பிடித்த சீழ் நெற்றி எலும்பை அரித்து, நெற்றியில் மெத்தென்ற வீக்கத்தை உண்டாக்குவதுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் விவரித்த இந்த வீக்கத்தைக் காண்போர், பிள்ளை எங்கோ முட்டிக்கொண்டான் என்று எண்ணிவிடுகின்றனர். தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது முட்டிக்கொண்ட வீக்கமன்று.

தொண்டைவலியிலும் இவ்வாறே. டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டினால் வாயைத் திறக்க முடியாமல், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேச்சுக் குழறும். ஐந்து வயதுக்குட்பட்ட சிறு குழந்தைகளுக்குத் தொண்டையின் பின்சுவரில் சீழ் கட்டுவதுண்டு. அப்பருவத்தில் மட்டும் அங்கு நிணநீர் முடிச்சுகள் இருப்பதே காரணம். குழந்தை உணவை மறுக்கும், எச்சில் ஒழுகும், கழுத்தைத் திருப்பாது. "சுளுக்கு" என்று சொல்லிக் கழுத்தை நீவிவிடுவோர் அக்குழந்தையின் மூச்சுவழி அடைபடும் நிலையில் இருக்கலாம் என்பதை உணர்வதில்லை.

வாலிபப் பருவத்தை எட்டும் பிள்ளைகளிடம் மிக அரிதாக வேறொன்றும் நேர்கிறது. தொண்டைவலி வந்த சில நாட்களில் உடல் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலும், கழுத்தின் ஒரு பக்கம் வலியும் வீக்கமும் தோன்றும். கழுத்துப் பெருஞ்சிரையில் இரத்தம் உறைந்து, சீழ்த்துகள்கள் நுரையீரலுக்குச் செல்வதன் விளைவு இது. ஃபிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே லெமியேர் 1936இல் இத்தகைய 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் இறந்தனர். பென்சிலின் புழக்கத்திற்கு வராத காலம் அது. இன்று உரிய காலத்தில் மருந்து செலுத்தினால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

சொத்தைப் பல்லையும் அலட்சியம் செய்யலாகாது. கீழ்க்கடைவாய்ப் பல்லிலிருந்து பரவும் சீழ் நாக்கின் அடியில் பரவி, நாக்கையே மேலே தூக்கி மூச்சை அடைக்கக்கூடும். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் பருக்களையும் கொப்புளங்களையும் பிதுக்கும் பழக்கத்தை வளரும் பிள்ளைகள் கைவிட வேண்டும். அப்பகுதி இரத்தநாளங்கள் மூளையின் அடியிலுள்ள சிரைக்குத் தொடர்புடையவை.

தொண்டைவலியின் மற்றொரு விளைவு சீழ் பரவுவதால் வருவதன்று. ஆயினும் நம் நாட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வந்த தொண்டைவலி ஆறி, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, மூட்டுகள் மாறி மாறி வீங்கிக் காய்ச்சல் வருவது வாதக்காய்ச்சல். இது பெரும்பாலும் 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு வரும். மூட்டு வீக்கம் மறைந்துவிடும். ஆனால் இதயத்தின் வால்வுகளில் ஏற்பட்ட பழுது வாழ்நாள் முழுதும் நிலைக்கக்கூடும். தொண்டைவலிக்கு மருத்துவர் பத்து நாள் பென்சிலின் எழுதிக்கொடுத்தால், மூன்றாம் நாளே வலி நின்றாலும் பத்து நாளும் கொடுத்து முடிக்க வேண்டியது இதனாலேயே.

செய்யத் தகாதவை

நம் வீடுகளில் வழக்கமாகிவிட்ட சில செயல்களை விட்டொழிக்க வேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவது முதலாவது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குச் சென்று, அழற்சியை மிகுவிக்கும். தாய்ப்பால் பீய்ச்சுவதும், இலைச்சாறு பிழிவதும் அவ்வாறே. கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு ஆகியவற்றால் காதைக் குடைவதும் ஆகாது. வடியும் காதைச் சுத்தமான பருத்தித் துணியைத் திரி போலச் சுருட்டி ஒற்றி உலர்த்துவதே நல்லது.

முன்பு ஒருமுறை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவது மற்றொரு தவறு. அரைகுறையாக உண்ட மருந்து வலியைத் தணித்து, உள்ளே நடக்கும் அரிப்பை வெளியே தெரியாமல் மறைத்துவிடுகிறது.

காது வடியும் பிள்ளை குளத்தில் முங்கிக் குளிக்கலாகாது. குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். வுளூவைப் பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. காதுகளை மஸஹ் செய்வது ஈரவிரலால் தடவுவதேயன்றி நீர் ஊற்றுவதன்று. நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து நடந்துகொள்ளுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய நேரம்

கீழ்க்காணும் குறிகளில் ஒன்று தோன்றினாலும் "விடியட்டும், பார்க்கலாம்" என்று இராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்: காதின் பின்னால் வீக்கமும் மடல் தள்ளி நிற்றலும், காதுவலியுடன் கடுந்தலைவலியும் வாந்தியும், கழுத்து விறைத்தல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், முகம் கோணுதல், தள்ளாட்டம், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், இமை வீங்கிக் கண் பிதுங்குதல், எச்சிலை விழுங்க இயலாமை, மூச்சுவிடத் திணறல். வாகனம் இல்லையென்றால் 108 என்னும் எண்ணை அழையுங்கள். காதில் சீழ் மட்டும் இரண்டு வாரத்திற்கு மேல் வடிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

வருமுன் காக்கும் வழியும் இன்று உண்டு. ஹீமோஃபிலஸ் கிருமியின் ஒரு முக்கிய வகையைத் தடுக்கும் மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்டது. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டது. முதலாவது 6, 10, 14 ஆகிய வாரங்களிலும், இரண்டாவது 6, 14 ஆகிய வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடப்படுகின்றன. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று அஞ்சித் தவிர்ப்பவர்கள், எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சுவதில்லை. தாய்ப்பால் ஊட்டுவதும், குழந்தை இருக்கும் வீட்டில் புகைபிடிக்காதிருப்பதும் காதுக்குக் காவலாகும்.

ஓதுதலும் மருந்தும்

ஓதி ஊதுவதை நான் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் நோயாளிகளுக்காக ஓதியுள்ளார்கள், துஆச் செய்துள்ளார்கள். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வந்து வினவியபோது, செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் அவர்களே. மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை என்று நமக்கு அறிவித்தவர்களும் அவர்களே. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் என்று சொல்வது தவக்குல் ஆகாது என்பதை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஓதுவதோடு மட்டும் அமைவது, கட்டாத ஒட்டகம் அல்லவா?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். குர்துபா நகரின் அருகே வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தம் மருத்துவ நூலின் இறுதிப் பாகத்தை அறுவைச் சிகிச்சைக்கே ஒதுக்கினார். நாக்கை அழுத்திப் பிடித்துக் கொக்கியால் டான்சிலைப் பற்றி அகற்றும் முறையை அதில் விளக்கினார். அவருக்கு முன்னரே முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி, குழந்தைகளின் நோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். ஓதுவதும் அறிவார்கள், மருந்திடுவதும் அறிவார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தடுத்ததில்லை.

ஆகவே, ஓதிப் பார்க்க வரும் பெற்றோரிடம் ஆலிம்கள் ஒவ்வொருவரும் ஓதிய பின், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டுகிறேன். நம் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருக்கிறது. அந்த மதிப்பை நல்வழியில் செலவிடுவோம்.

பெண்பிள்ளைகளின் காது

இறுதியாக ஒன்று. ஆண்பிள்ளையின் காதைத் தொப்பி மறைத்தது. பெண்பிள்ளையின் காதை முக்காடு மறைக்கிறது. அதைவிடக் கனமான திரை ஒன்றும் உண்டு. காது வடிகிறது என்று வெளியே தெரிந்தால் நாளை மாப்பிள்ளை வீட்டார் ஏதும் சொல்வார்களோ என்ற அச்சமே அது. அந்த அச்சத்தால் மருத்துவரிடம் செல்லாமல் வருடக்கணக்கில் பஞ்சு வைத்தே மறைத்து வளர்க்கப்படும் பெண்மக்கள் இருக்கின்றனர். மறைப்பதால் நோய் வளருமேயன்றிக் குறையாது. மகளின் தலையை வாரிப் பின்னும் நேரம் ஒவ்வொரு தாய்க்கும் வாய்த்த நேரம். அந்நேரத்தில் இரு காதுகளையும் முன்னும் பின்னும் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள். திரும்புகிறாளா என்று கவனியுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அச்சிறுவன் இப்போது மீண்டும் ஓத வருகிறான். முன்வரிசையில், கேட்கும் காது என் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்திருக்கிறேன். ஸாதும் ஸீனும் சற்றுத் தாமதமாக வந்தாலும் இப்போது சரியாகவே வருகின்றன. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் பெயரும் வயதும் கேட்டபின், "காது வடிகிறதா? நன்றாகக் கேட்கிறதா?" என்றும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை என்னால் திருப்பிக் கொடுக்க இயலாது. அதற்காக அவனிடமும் அவன் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ்விடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று இரவு உங்கள் பிள்ளைகள் உறங்கும் முன், அவர்களுடைய காதுகளை ஒருமுறை பாருங்கள். வல்ல இறைவன் நம் மக்கள் அனைவருக்கும் குறைவற்ற செல்வமாகிய நலத்தையும், நமக்கு விழிப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.